கழுத்தில் மாலை கிடந்த மாதம்

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதில் குறிக்கிற டேப்லெட்டை, அதுதான் நம் டேப்பை, எப்படிப் பிடிப்பது, எந்த வீட்டை விட்டுவிட்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, இதையெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. அங்கே டீயும் பிஸ்கட்டும் உண்டு, கண்ணயர மின்விசிறியும் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது எதை வாயைத் திறந்து சொல்லலாம், எதை மென்று விழுங்க வேண்டும் என்பதை நீங்களாகத்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் போன் போட்டுக் கேட்க உங்களுக்கு அவகாசம் இருக்காது.

திருநெல்வேலியிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. என்ன அரிசி பொங்குகிறீர்கள், எந்த சோப்பு வாங்குகிறீர்கள், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று கேட்காத கேள்வி இல்லை. நாய் துரத்தியிருக்கிறது. கடன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்து, ஆளே இல்லாத வீடு மாதிரி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, இந்த வேலை எனக்கு நன்றாக வரும். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தும் பதில் வாங்கிக்கொண்டு வந்தவள் நான்.

எனக்கு முதலில் சூப்பர்வைசராக இருந்த அம்மாளின் பேரை இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் திட்டுவார். அவர் அறிவுரை எதுவும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு வீட்டை விட்டு வெளியே வரும்போது, "ஏட்டி, பதில் சொல்லுத ஆள மட்டும் பாக்காத. அவன் யாரப் பாத்துக்கிட்டுப் பதில் சொல்லுதான்னு பாரு" என்றார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு எத்தனையோ வீடுகளில் அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதில் ஒரு வீட்டைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எனர்ஜி டிரிங்க் ஆய்வு வந்தது. பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பின்னால் சின்னச் சின்ன பாட்டிலாகவும் டப்பாவாகவும் அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். வயது வந்தவர்களில் யார் யார் குடிக்கிறார்கள், ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன வேலை, எவ்வளவு அடிக்கடி என்று கேட்டு எழுத வேண்டும். கேள்விகள் எளிது. பதில்தான் வழுக்கிக்கொண்டே போயிற்று. கல்லூரிப் பையன்களிடம் கேட்டால், "லாரிக்காரங்க குடிப்பாங்க மேடம்" என்றார்கள். லாரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், "அதெல்லாம் காலேஜ் பயலுவ குடிக்கது" என்றார்கள். பெண்களிடம் கேட்டால், கேள்வி முடிவதற்குள் தலையாட்டி, "ஆம்பிளையள்ட்ட கேளுங்க" என்று கதவைச் சாத்தப் பார்த்தார்கள். ஊரில் எல்லாருக்கும் அந்த பாட்டிலைத் தெரிந்திருந்தது, குடித்தவர் மட்டும் ஒருவரும் அகப்படவில்லை. ஆனால் கடைக்காரர் வாரா வாரம் புதுப் பெட்டி இறக்கிக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது நானே சூப்பர்வைசர். ஏரலிலிருந்து குலசேகரன்பட்டினம் வரைக்கும் உள்ள ஊர்களை ரஹ்மத்துக்குக் கொடுத்திருந்தேன். மேலப்பாளையத்துப் பெண். அப்போதுதான் வேலைக்கு வந்த புதிது. மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்தார். அவள் வேலைக்குப் போவதைச் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் ஏற்கவில்லை. மாமனார்தான், "போயிட்டு வாம்மா, படிச்ச படிப்பு வீணாப் போவக்கூடாது" என்று அனுப்பி வைத்தவர். அவள் நன்றாகப் பேசுவாள். அதைவிட நன்றாக, பேசாமல் காத்திருக்கவும் தெரியும்.

அவள் கொண்டுவந்த பதில்கள் மற்ற எல்லாருடைய பதில்களிலிருந்தும் தள்ளி நின்றன. மேற்கே அம்பாசமுத்திரம் பக்கத்திலும் நகரத்திலும் அங்கொருவர் இங்கொருவர்தான் குடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் இளவட்டங்கள். ரஹ்மத்தின் ஊர்களிலோ நாற்பது தாண்டிய ஆண்கள் வரிசையாக, "தினமும் குடிக்கேன்" என்று சொல்லியிருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்கள், காவல் வேலை பார்க்கிறவர்கள். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு இது உறுத்தியது. அவர்கள் அந்த வீடுகள் சிலவற்றுக்குப் போன் போட்டு மறுபடி கேட்டார்கள். "குடிக்கிறது இல்லையே" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். பணியாளர் எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்து பதில்களைத் தானே நிரப்பிவிட்டார் என்று அர்த்தம். அப்படி ஒருவர் மாட்டினால் அந்த நிறுவனத்தில் மட்டுமல்ல, எந்த நிறுவனத்திலும் சேர்க்க மாட்டார்கள். ரஹ்மத்துக்கு வேலை போவதோடு நிற்காது. "சொன்னோம்லா, கேட்டியா" என்று காத்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவள் மாமனார் தலைகுனிய வேண்டும். அவள் என் முன்னால் நின்று, "யக்கா, அல்லா அறியச் சொல்லுதேன், அவிய சொன்னதத்தான் நா எழுதினேன். ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல" என்றாள். நான் நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு சென்னைக்காரர்கள் என்ன செய்வார்கள்?

சென்னையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் விசாரிக்க வந்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. ஏசி ரயிலில் வந்த குளிர் இன்னும் உடம்பில் ஒட்டியிருந்தது. வழியில் அவரிடம் சொன்னேன், டேப்பில் ரஹ்மத் போன இடம் சரியாகத்தானே காட்டுகிறது என்று.

"இடம் கரெக்டாதான் இருக்கு மேடம். வாசல்ல நின்னுட்டு அவங்களே ஃபில் பண்ணியிருக்கலாமில்ல? ஒரு வீடாவது நேர்ல ஒத்துக்கிட்டா நான் விட்டுர்றேன். இல்லன்னா இன்னிக்கு சாயந்திரமே ரிப்போர்ட் போட்டாகணும்" என்றார். நியாயமான பேச்சுத்தான்.

ஏரல் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ரஹ்மத்தை ஜீப்பிலேயே உட்கார வைத்தோம், மறுபடி கேட்கும்போது முதலில் கேட்டவர் கூட இருக்கக் கூடாது என்பது விதி. வீட்டுக்காரர் முத்துப்பாண்டி, கேரளாவுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகும் லாரியின் டிரைவர். நல்ல வாட்டசாட்டம். அவர் மனைவி பேச்சியம்மாள் முன்னறையில் தையல் மிஷினில் தீபாவளி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். எனர்ஜி டிரிங்க் குடிப்பது உண்டா என்று கேட்டார். மிஷின் சத்தம் நின்றது.

"அதெல்லாம் இந்தக் காலத்துப் பயலுவ குடிக்கது சார்," என்றார் முத்துப்பாண்டி. "நமக்குக் கருப்பட்டிக் காப்பிதான்."

"எப்பவாவது? லாரி ஓட்டும்போது?"

"தொட்டதே கெடையாது. போன வருசம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன். டாக்டரு அந்தக் கருமத்தையெல்லாம் கிட்டவே வைக்கக் கூடாதுன்னுட்டாரு. இந்தா, இவகிட்டயே கேளுங்க."

பதில் சொன்னது அதிகாரிக்கு. பார்த்துக்கொண்டிருந்தது மனைவியை. எனக்குப் புரிந்துவிட்டது. அதிகாரிக்கும் ஏதோ புரிந்தது, ஆனால் அவர் புரிந்துகொண்ட விதம் வேறு. டேப்பைத் திறந்து விரலால் தள்ளி ரஹ்மத் எழுதிய பதிலை எடுத்துவிட்டார். "ஆனா சார், போன மாசம் இதே வீட்டுல நீங்க…" என்று ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் முத்துப்பாண்டி மனைவி முன்னால் மாட்டியிருப்பார், குழறியிருப்பார், ஒத்துக்கொண்டும் இருப்பார். ரஹ்மத் தப்பியிருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். ஆனால் நாம் ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்விக்கு முன்னால் என்ன சொல்கிறோம்? "நீங்க சொல்றது உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுலதான் இருக்கும்" என்கிறோம். அதை நம்பித்தான் அந்த மனிதர் சொன்னார். என் பெண் பிள்ளை மாதிரி இருக்கிற ஒருத்தியைக் காப்பாற்ற, அந்தப் பிள்ளையே கொடுத்த வாக்கை நான் உடைக்கலாமா? பயமாகத்தான் இருந்தது. ஜீப்பில் அவள் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

"சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். டேப்பின் மேல் கையை வைத்து மூடினேன். "வெயில்ல வந்தது தலையச் சுத்துது. பேச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாம்மா."

அதிகாரி என்னை முறைத்தார். பேச்சியம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து குடிக்கும்போதுதான் பார்த்தேன். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் விரத மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, மடித்து வைத்த சிவப்புச் சேலை. குலசை என்று நாங்கள் சொல்கிற குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து, மாலை போட்டு வேஷம் கட்டுகிற வீடு.

எனக்குத் தண்ணீர் புரையேறியது. ரஹ்மத் இந்த ஊர்களுக்கு வந்தது புரட்டாசியில். இந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் கழுத்தில் அப்போது மாலை கிடந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும்தான் தெரியும். ஒருவருக்கும் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"தம்பி என்ன வேசம் கட்டுதிய?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "காளி வேசம் யக்கா. வருசா வருசம் கட்டுதேன்."

"காளின்னா கட்டுப்பாடு ரொம்பல்லா?"

"பின்ன? ஒரு நேரச் சாப்பாடு. அதுவும் நம்ம கையால பொங்கித் திங்கணும். தரையிலதான் படுக்கை. கெட்ட வார்த்த கெடையாது, கோவம் கெடையாது, பொய்…" என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, பைய, "பொய் பேசக் கூடாது" என்று முடித்தார்.

நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. செம்போடு எழுந்துகொண்டேன். "சரி, நாங்க வாரோம்" என்றேன். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்த காரியம் முடியாமல் எழுந்து போகிறாளே இந்த அம்மாள் என்ற எரிச்சல் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது கையில் ஒன்றும் இல்லை. முத்துப்பாண்டி பேசாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் ரஹ்மத்தின் கதை முடிந்தது. இருந்தாலும் எழுந்தேன்.

"இரிங்க, வண்டி வரைக்கும் வாரேன்" என்று முத்துப்பாண்டி சட்டையை மாட்டினார்.

ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும் ரஹ்மத்தைப் பார்த்தார். அவள் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இது அன்னைக்கு வந்த பிள்ளல்லா? ஏன் அழுவுது?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னத எழுதிச்சு. இன்னைக்கு நீங்க இல்லங்கிய. அப்போ இது பொய்யா எழுதிருச்சுன்னு ஆவுது. வேலை போவப் போவுது" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், இந்தப் பிள்ள எழுதினது அம்புட்டும் நெசம். ஒரு லோடுக்கு ரெண்டு பாட்டில் இல்லாம எனக்கு வண்டி ஓடாது. விடியுததுக்குள்ள மார்க்கெட்ல தார எறக்கணும், கண்ண மூடினா மலைப்பாதையில போயிச் சேர வேண்டியதுதான். அன்னைக்கு இது வந்து கேட்டப்போ கழுத்துல மாலை கெடந்துச்சு. அம்மன் மாலையப் போட்டுக்கிட்டு நா எப்படிப் பொய் சொல்லுவேன்? இன்னைக்கு மாலை இல்ல. வீட்டுக்காரி வேற பக்கத்துல நிக்கா."

அதிகாரி டேப்பில் மற்ற வீடுகளின் பட்டியலைத் திறந்தார். பிறகு, "மத்தவங்களும்?" என்று கேட்டார்.

"எங்க தசரா செட்டுல பாதிப்பேரு வண்டிக்காரன், மீதி மில்லுக்காரன். கேட்டா ஒருத்தனும் இப்போ ஒத்துக்கிட மாட்டான் சார். மாலை போட்டிருந்தப்போ கேட்டிருக்கிய, கொடுத்து வச்சவிய" என்று சொல்லிச் சிரித்தார்.

அதிகாரி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம், "அப்போ மேடம், இவங்க டேட்டாதான் சரி. மத்த ஏரியா எல்லாம்தான் தப்பா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சந்தோஷமும் வந்தது, மறைப்பானேன். ஜீப் கதவைத் திறந்து ரஹ்மத்தின் தோளைத் தட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அப்போதுதான் என் கையில் அந்த வீட்டுச் செம்பு இருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் குடித்த பரபரப்பில் அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். முத்துப்பாண்டி அதிகாரிக்கு மலைப்பாதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மட்டும் திரும்பிப் போனேன்.

பேச்சியம்மாள் மிஷினில் உட்கார்ந்திருந்தார், ஆனால் தைக்கவில்லை. செம்பை வாங்கி வைத்துவிட்டு, "அவுக ஒளிச்சு வச்சுக் குடிக்காவன்னு எனக்குத் தெரியும் யக்கா" என்றார். "சட்டையத் தொவைக்கவ எனக்குத் தெரியாதா? பையில மூடி கெடக்கும். தெரியாத மாதிரியே இருந்துக்கிடுதேன். சொன்னா நமக்குப் பயந்து இன்னும் ஒளிப்பாவ, அவ்வளவுதான்."

அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மிஷினின் டிராயரை இழுத்தார். நூல்கண்டுகளுக்கு நடுவில் அதே சின்ன பாட்டில். பாதி குடித்து மூடி வைத்தது.

"தசரா சீசன்ல வேசத் துணி தச்சு மாளாது யக்கா. அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல கேப்பாவ. கண்ணு சொக்கும். இத ஒரு மடக்குக் குடிச்சாத்தான் ஊசி கண்ணுக்குத் தெரியும். இப்போ தீபாவளி வந்துட்டு. அவுகளுக்குத் தெரியாது, சொல்லிராதிய."

"அந்தப் பிள்ள உன்கிட்டயும் கேட்டுச்சே. இல்லன்னுல்லா சொல்லியிருக்க?"

"எங்க மாமியா பக்கத்துல இருந்தாவ," என்றார் பேச்சியம்மாள். "எங்க வீட்டுக்காரவுக மாலை போட்டிருந்தாவ, சொல்லிட்டாவ. நான் என்ன மாலையா போட்டிருந்தேன்?"

ஜீப்பில் ஏறியதும், "ஏன் மேடம் லேட்டு?" என்று அதிகாரி கேட்டார். செம்பைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றேன். அது பொய்யில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஆய்வு முடிவுகளைப் பேச ஒரு கூட்டம் நடந்தது. ரஹ்மத்தின் பதில்கள் அப்படியே சேர்க்கப்பட்டிருந்தன. நடுவயது ஆண்கள், வண்டியும் ஷிப்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள், நல்லது. அடுத்த வரியில், பெண்களிடையே இந்தப் பழக்கம் இல்லை என்று இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, பெண்களை மறுபடி கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், அதுவரை இந்த வரியை எழுதக் கூடாது என்றேன்.

"ஆதாரம் இருக்கா மேடம்?" என்று மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இருக்கு. சொல்ல மாட்டேன்" என்றேன்.

கூட்டத்தில் சிரித்தார்கள். ஏரலுக்கு வந்திருந்த அந்தச் சின்ன அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அந்தச் செம்பு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மேடம் சொல்லலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். மறுபடி கேட்கலாம்" என்றார்.

கேட்டோம். ரஹ்மத்தான் முன்னின்று நடத்தினாள். ஆமாம், இப்போது உங்களுக்கெல்லாம் சூப்பர்வைசராக இருந்து விரட்டுகிறாளே, அதே ரஹ்மத்தான். பெண்களைப் பெண்களே கேட்பது, அவர்கள் வேலை பார்க்கிற இடத்தில் கேட்பது, மாமியாரோ புருஷனோ இருந்தால் நாட்டு நடப்பைப் பேசிவிட்டு இன்னொரு நாள் வருவது என்று வைத்துக்கொண்டோம். நேரம் அதிகமாகத்தான் பிடித்தது. சென்னையிலிருந்து போன் மேல் போன் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்த அன்று ரஹ்மத் அலுவலகத்துக்கு வந்தாள். டேப்பை மேஜை மேல் வைத்தாள். போன தடவை வெறுமையாகக் கிடந்த பெண்கள் கட்டம் இப்போது நிறைந்திருந்தது. தையல்காரிகள், பீடி சுற்றுகிறவர்கள், நர்சுகள்.

"யக்கா, அந்த ஏரல் வீட்டுக்கும் போனேன்" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "என்ன சொன்னாவன்னு நீங்களும் கேக்கக் கூடாது" என்றாள்.

நான் கேட்கவில்லை.